பெரம்பூர் பாருக்கு நாலு ஒயின் போதும்: கிளாஸ் கணக்கில் விற்க எதை எடுப்பது

எங்கள் பாரில் பத்து மேசை நிறைந்திருந்தால் அதில் ஒரு மேசை ஒயின் கேட்டாலே பெரிய விஷயம். பெரம்பூர் ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில், சின்ன நட்சத்திர ஓட்டல் ஒன்றின் தரைத்தளத்தில் இருக்கிறது இந்த பார். பீரும் பிராந்தியும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. ஆனாலும் ஒயின் பட்டியலைப் போடும்போதுதான் நான் அதிகம் யோசிக்கிறேன். தினமும் இருபது முப்பது பாட்டில் திறக்கிற இடத்தில் எதை வாங்கி வைத்தாலும் சமாளித்துவிடலாம், திறந்த பாட்டில் ராத்திரிக்குள் காலியாகிவிடும். எங்களைப் போல எப்போதாவது ஒரு கிளாஸ் போகிற இடத்தில் தவறான ஒயின் பாதி பாட்டிலாக ஃபிரிட்ஜில் நின்று நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் ராயபுரத்துக்காரன். பயணிகள் கப்பலில் ஸ்டூவர்டாகச் சில வருடங்கள் ஓடிவிட்டு, இப்போது இந்த பாரைப் பார்த்துக்கொள்கிறேன். கப்பலில் கற்றதில் பாதி இங்கே செல்லாது. அங்கே சாப்பாடு வேறு, குளிர் வேறு, வாங்கும் விலை வேறு. இங்கே செல்லுபடியாகிற மீதியைத்தான் எழுதுகிறேன். ஓட்டல் பார் நடத்துகிறவர்களுக்கு நேரடியாக உதவும். வீட்டில் பத்துப் பேரை விருந்துக்குக் கூப்பிட்டு இரண்டு மூன்று பாட்டில் வாங்குகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு ஒயினைக் கிளாஸில் விற்கலாமா என்று முடிவு செய்ய எனக்கு ஒரே கேள்விதான். திறந்த மறுநாள் சாயங்காலம் அது எப்படி இருக்கிறது? திறந்த உடனே நன்றாக இருக்கும் ஒயின் கடையில் நிறைய உண்டு.

ஏன் மறுநாள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு பாட்டில் 750 மில்லி. 150 மில்லியாக ஊற்றினால் ஐந்து கிளாஸ், 125 ஆக ஊற்றினால் ஆறு. நான் 150 ஊற்றச் சொல்கிறேன். பார்மேன் கையில் ஏற்கனவே 60, 30 பெக் அளவை இருக்கிறது. இரண்டு லார்ஜ், ஒரு ஸ்மால் ஊற்றினால் 150 வந்துவிடும், புது அளவை தேட வேண்டாம். கண்ணளவுக்கு மட்டும் விடாதீர்கள். பிடித்த கஸ்டமருக்கு 180 போகும், கடைசியில் ஐந்தாவது கிளாஸ் இருக்காது.

கப்பலில் ஒரு விதி சொல்லித் தந்தார்கள்: முதல் கிளாஸ் விலையிலேயே பாட்டிலின் கொள்முதல் விலை திரும்பிவிட வேண்டும். பெரம்பூரில் அதைச் செய்தால் இரண்டாவது கிளாஸை நானேதான் குடிக்க வேண்டும். கணக்குக்காக, பாட்டில் 1,000 ரூபாய்க்கு வாங்குகிறோம், கிளாஸை 400-க்கு விற்கிறோம் என்று வையுங்கள். மூன்று கிளாஸில் 1,200 வந்து போட்ட காசு திரும்பிவிடும். மிச்ச இரண்டு கிளாஸில் வரும் 800-தான் கிட்டத்தட்ட மொத்த லாபமும். அந்த இரண்டும் எங்கள் மாதிரி இடத்தில் பெரும்பாலும் மறுநாள்தான் விற்கும். மறுநாள் ஒயின் படுத்துவிட்டால் லாபத்தைச் சிங்க்கில் ஊற்றியது போலத்தான். பாட்டிலுக்கு நூறு ரூபாய் குறைத்து வாங்கினேன் என்று பெருமைப்படுவதைவிட, இரண்டு நாள் தாங்குவதை வாங்குவது பல மடங்கு மிச்சம்.

விலை வைக்கும்போது இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நம் ஊர்க்காரர் எதையும் லார்ஜ் கணக்கில்தான் அளப்பார். "இன்னா நைனா, லார்ஜு காசு வாங்கினு ஒண்ணுமே ஏற மாட்டேங்குது" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அவர் சொன்னது தப்பில்லை. நம் நாட்டு பிராந்தி, விஸ்கியில் பொதுவாக 42.8 சதவீதம் ஆல்கஹால், 60 மில்லியில் கிட்டத்தட்ட 26 மில்லி. 13 சதவீத ஒயின் 150 மில்லியில் இருப்பது 19.5 மில்லிதான். அதனால் ஒயின் கிளாஸின் விலை நல்ல விஸ்கி லார்ஜைத் தாண்டக் கூடாது என்று நான் வைத்திருக்கிறேன். தாண்டினால் ஒரு முறை வாங்குவார், அப்புறம் பீருக்குப் போய்விடுவார்.

மறுநாள் சோதனை

புது ஒயின் ஒன்றைப் பட்டியலில் ஏற்ற நினைத்தால் முதலில் ஒரே ஒரு பாட்டில் எடுங்கள். சப்ளை ஆள் கேஸாக எடுத்தால் சலுகை என்பார். சிரித்துவிட்டு ஒன்றே வாங்குங்கள். திறந்து ஒரு கிளாஸ் ஊற்றி, ஒரு வாய் குடித்து, தோன்றியதை நாலு வார்த்தையில் எழுதுங்கள். மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். சிவப்பையும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். மறுநாள் அதே நேரம் மறுபடி குடித்துப் பாருங்கள், மூன்றாம் நாளும் பாருங்கள். இரண்டாம் நாள் சரியாக இருந்தால் பாஸ். மூன்றாம் நாளும் நின்றால் நிரந்தர இடம் கொடுத்துவிடலாம்.

கெட்டுப்போகும் வரிசை கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலில் பழ வாசம் மங்கும். அடுத்து, நறுக்கி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் வாசம் வரும். கடைசியில் காடி. காற்றிலுள்ள ஆக்சிஜன் செய்யும் வேலை இது, காடிக்கு மட்டும் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்கிறது. இதை எதிர்த்து நிற்கும் ஒயினில் மூன்றில் ஒன்றாவது இருக்கும்: நல்ல புளிப்பு, கொஞ்சம் மிச்சச் சர்க்கரை, சிவப்பென்றால் இளமையான துவர்ப்பு. இளம் சிவப்பு ஒயின் சில மறுநாள்தான் வாய்க்கு இதமாகும், முதல் நாளின் முரட்டுத்தனம் அடங்கிவிடும். நாள்பட்ட பழைய ஒயினும், பினோ நுவார் போன்ற மெல்லிய சிவப்பும், புளிப்புக் குறைந்து வெண்ணெய் வாசம் அடிக்கும், மரப்பீப்பாயில் கிடந்த ஷார்டனே வெள்ளையும் ஒரே ராத்திரியில் தொங்கிவிடும். முழு பாட்டிலாக விற்க அவை அருமை. கிளாஸுக்கு வேண்டாம்.

பாட்டிலைக் காப்பாற்றப் பல சாமான்கள் விற்கிறார்கள். ஊசி போட்டு ஆர்கான் வாயு விடும் கருவி நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் கருவியும் வாயுக் குப்பியும் சேர்ந்து ஆகிற செலவு எங்கள் விற்பனைக்குக் கட்டாது. காற்றை உறிஞ்சும் கைப்பம்பு மலிவு, பரவாயில்லை ரகம். என் முறை இன்னும் மலிவு. 375 மில்லி திருகுமூடி பாட்டில்கள் சிலவற்றைக் கழுவிக் காயவைத்துத் தயாராக வைத்திருக்கிறேன். முழு பாட்டிலைத் திறந்த உடனே பாதியை அதில் விளிம்பு வரை ஊற்றி மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுவோம். உள்ளே காற்றுக்கு இடமே இல்லாததால் மறுநாளும் அது அன்று திறந்தது போலவே இருக்கும். திறந்த தேதியை மார்க்கரில் பாட்டில் மேல் எழுத வேண்டும். எழுதாத பாட்டிலைச் சமையலறைக்கு அனுப்பிவிடுவோம். செஃப் அதை இறால் வதக்கலில் ஊற்றி நல்ல பேர் வாங்கிக்கொள்வார்.

திருகுமூடி என்றால் மட்டம் என்று ஒரு நினைப்பு இன்னும் இருக்கிறது. கிளாஸ் விற்பனைக்குத் திருகுமூடிதான் ராஜா. கார்க்கில் சில நேரம் ஒரு ரசாயனம் உருவாகி ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் ஏறிவிடும். மழையில் நனைந்த செய்தித்தாள் கட்டை மோந்து பார்த்திருந்தால் உடனே பிடிபடும். கிளாஸ் விற்பனையில் அந்த ஒரு பாட்டில் ஐந்து கஸ்டமருக்குப் போகும், ஐந்து பேரும் ஒயினே இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நம்ம அடுக்களைக்கு எது ஒத்துப்போகும்

ஒயின் புத்தகங்கள் மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு என்று நிறுத்திவிடும். எங்களிடம் மீன் என்றால் மிளகாய்த்தூளில் ஊறிய வஞ்சிரம், புளி கரைத்த சங்கரா குழம்பு, நெத்திலி வறுவல், மிளகு போட்ட நண்டு, கடம்பா (கணவாய்) 65. கறி என்றால் மட்டன் சுக்கா, பிரியாணி, ஞாயிற்றுக்கிழமையில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்காகச் செய்யும் உருண்டைக் கறியும் மஞ்சள் தேங்காய்ச் சோறும். ஒரே மேசையில் இவற்றில் நாலைந்து சேர்ந்து வரும், மேலே சில்லி சிக்கன் ஒன்று நிச்சயம் இருக்கும். எல்லாரும் எல்லாத் தட்டிலும் கைவைப்பார்கள். ஆகவே ஒரு பதார்த்தத்துக்குப் பொருந்துகிற ஒயின் எனக்குப் பயன்படாது. மேசை முழுவதையும் தாங்குகிற ஒயின் வேண்டும்.

காரம்தான் முதல் எதிரி. மிளகாயின் எரிச்சலை நாக்கில் எந்த நரம்பு உணர்கிறதோ அதையே ஆல்கஹாலும் தூண்டுகிறது. அதனால் 14.5 சதவீத ஒயினோடு சுக்கா சாப்பிட்டால் காரம் இரட்டிப்பாகும், ஒயின் கசக்கும். லேபிளின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் ஆல்கஹால் அளவைத்தான் நான் முதலில் படிப்பேன். 13-க்குக் கீழ் என்றால் நிம்மதி, 13.5 வரை பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் என்றால் திருப்பி வைத்துவிடுவேன். துவர்ப்பு அதிகமுள்ள சிவப்பும் மிளகாயோடு சேர்ந்தால் வாயைச் சுரண்டும். மாறாக, ஒயினில் துளி இனிப்பு இருந்தால் காரம் தணியும். பிரியாணிக்கு இனிப்புக் கத்திரிக்காய் தொக்கு வைக்கிறோமே, அந்த ஏற்பாடுதான்.

அடுத்தது புளி. சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சினால் ஒயின் தண்ணீராகிவிடும். மீன் குழம்பு மேசைக்குப் புளிப்புக் குறைந்த மென்மையான ஒயினைக் கொடுத்தால், "இதுல என்ன மேன் கலந்திருக்க?" என்று ரிட்டயர்டு ரயில்வே அங்கிள் ஒருவர் கேட்பார். தக்காளியும் எலுமிச்சையும் கணக்கில் வரும். பர்மாவிலிருந்து வந்தவர்கள் பீச் ஸ்டேஷன் பக்கம் போட்டுத் தருகிற அத்தோ நூடுல்ஸை எங்கள் செஃப் சைடிஷ்ஷாக மெனுவில் ஏற்றியிருக்கிறார். எலுமிச்சை, பூண்டெண்ணெய், பொரித்த வெங்காயம் எல்லாம் சேர்ந்த அந்தத் தட்டுக்கும் கூர்மையான புளிப்புள்ள வெள்ளைதான் ஈடுகொடுக்கிறது.

மீனோடு சிவப்பு ஏன் பல நேரம் சரிவராது என்பதற்கு ஒரு காரணம் 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு அதிகமாக இருந்தால், கடல் உணவோடு சேரும்போது மீன் கவிச்சி தூக்கலாகத் தெரிகிறதாம். இரும்பு சிவப்பில்தான் கூடுதலாக இருக்க வாய்ப்பு, ஆனால் எல்லாச் சிவப்பிலும் இல்லை. காசிமேட்டிலிருந்து விடியற்காலை வந்த மீனை மத்தியானமே வறுத்துக் கொடுத்தும், "மீன் பழசு" என்று தட்டைத் திருப்புகிறவர் இருக்கிறார். அவர் கையில் இருக்கும் கிளாஸைப் பாருங்கள், பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். நான் செஃப்பைக் கூப்பிடுவதற்கு முன்னால் வெள்ளை ஒரு வாய் ஊற்றிக் கொடுத்து மறுபடி சாப்பிடச் சொல்வேன்.

என் நாலு பாட்டில்

முதல் இடம் ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளைக்கு. பிரான்சின் லுவார் ஆற்றுப் பக்கத்துத் திராட்சை இது. உலகத்தில் இதை அதிகம் பயிரிடுவது தென்னாப்பிரிக்கா, நமக்கு நாசிக்கில் விளைகிறது. புளிப்பு இயல்பிலேயே கூர்மை, அதோடு நாசிக்கில் பலர் லேசான இனிப்பை விட்டுவைத்துச் செய்கிறார்கள். சூலா கம்பெனியின் ஷெனின் பிளாங்க் அந்த ரகம். காரம், புளி, மறுநாள் என்று மூன்று பரீட்சையிலும் தேறுகிற ஒரே ஒயினைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். நண்டின் இனிப்புக்கும் சில்லி சிக்கனின் சாஸுக்கும் ஒத்துப்போகும். ஒயினை முதன்முதலாகக் குடிப்பவர் முகம் சுளிக்காத ஒயினும் இதுதான். ஒரே ஒரு பாட்டில்தான் வைக்க முடியும் என்றால் மற்ற மூன்றையும் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, டிரை ரோஸே, அதாவது இனிப்பில்லாத பிங்க் ஒயின். விற்பதற்குத்தான் கஷ்டம். பிங்க் நிறத்தைப் பார்த்தாலே மீசைக்காரர்கள் "லேடீஸ் ஐட்டமா?" என்று கிளாஸைத் தள்ளி வைக்கிறார்கள். ஆனால் வெள்ளையின் குளிர்ச்சியும் சிவப்பின் பழச்சுவையும் உள்ளது, துவர்ப்பு இல்லாதது. மேசையில் மீனும் கறியும் கலந்து கிடக்கும்போது இதைவிட வசதியான ஒயின் கிடையாது. பிரியாணி மேசைக்கு நான் கேட்காமலே 30 மில்லி ஊற்றிக் கொடுப்பேன். பெயரைச் சொல்ல மாட்டேன், திராட்சையைச் சொல்ல மாட்டேன், "சாப்பாட்டோட ஒரு வாய் பாருங்க அண்ணே" என்பதோடு சரி. அதற்குப் பிறகு நிறம் ஒரு பிரச்சினையாக வந்ததில்லை. வாங்கும்போது மட்டும் பின்லேபிளைப் படியுங்கள், ரோஸேயில் ஷர்பத் போல இனிப்பவையும் உண்டு.

சிவப்பில் எனக்கு வேண்டியது மெல்லியது, புளிப்புள்ளது, மரப்பீப்பாய் வாசம் இல்லாதது. கிடைக்கும்போது சான்ஜோவேசே எடுப்பேன். இத்தாலியில் கியாந்தி ஒயின் செய்யும் திராட்சை அது. மகாராஷ்டிரத்தின் அக்லூஜில் ஃப்ராத்தெல்லி கம்பெனி இதைப் பயிரிடுகிறது. தக்காளி போட்ட குழம்புக்கும் சால்னாவுக்கும் சண்டை போடாது. அது இல்லாவிட்டால் மரப்பீப்பாய் காணாத சாதா ஷிராஸ். லேபிளில் ரிசர்வ் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பீப்பாயில் கிடந்தது. காசும் கூடுதல், சுக்காவோடு கசப்பும் கூடுதல். கபர்நே சாவிஞ்ஞோன் பெயருக்காகவே கேட்பார்கள். முழு பாட்டிலாக ஒன்று இரண்டு வைத்திருங்கள், போதும்.

நாலாவது இடத்தை நான் நிலையாக வைப்பதில்லை. கோடையில் சாவிஞ்ஞோன் பிளாங்க் என்ற வெள்ளை. பச்சை மிளகாயும் கொய்யாவும் கலந்த வாசமுள்ள அது, எலுமிச்சை பிழிந்த வஞ்சிர வறுவலோடு சேரும்போது மற்ற எல்லாவற்றையும் தோற்கடிக்கும். மறுநாள் அந்த வாசம் பாதியாகிவிடும் என்பதால் வார நாட்களில் திறக்க மாட்டேன், சனி ஞாயிறு மட்டும்தான். டிசம்பரில் அந்த இடம் ஸ்பார்க்கிளிங்குக்கு, அதாவது குமிழி ஒயினுக்குப் போகும். நெத்திலி வறுவலோடு ப்ரூட், அதாவது அதில் இனிப்புக் குறைந்த ரகம், குடித்துப் பாருங்கள். உப்பையும் எண்ணெயையும் குமிழி துடைத்துக்கொண்டே போகும், பீருக்கும் இதே வேலைதான் என்றாலும் இது இன்னும் சுத்தமாகச் செய்யும். சிக்கல் என்னவென்றால் இறுக்கும் மூடி போட்டாலும் ஒரு ராத்திரிக்கு மேல் குமிழி நிற்காது. சின்ன பாட்டில் கிடைத்தால் அதையே வாங்குங்கள், விலைக் கணக்கில் நஷ்டம் போலத் தெரிந்தாலும் வீணாவது இல்லை.

இனிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரம்பூர், அயனாவரம் பக்கத்து ஆங்கிலோ இந்திய வீடுகளில் கிறிஸ்துமஸ் ஒயின் என்றால் கறுப்புத் திராட்சை, சர்க்கரை, கோதுமை, கிராம்பு எல்லாம் போட்டு ஊறவைத்தது, பிளம் கேக்கோடு சின்ன கிளாஸில் வரும். பலரும் அதற்கு எடுப்பது கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே அதுதான். அந்த நாக்கோடு வருகிற ஆன்ட்டிகள் டிரை ஒயினைக் குடித்துவிட்டு "புளிக்குது டார்லிங்" என்பார்கள். அவர்களுக்குப் பாடம் எடுக்கிற மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்குப் பிடிக்காது. லேட் ஹார்வெஸ்ட் ஷெனின், அதாவது தாமதமாகப் பறித்த திராட்சையில் செய்த இனிப்பு ஒயின், அரை பாட்டில் ஒன்று வாங்கி வையுங்கள். 60 மில்லியாக விற்றால் 375 மில்லியில் ஆறு கிளாஸ் வரும். சர்க்கரை அதிகம் என்பதால் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் கூடத் தாங்கும்.

வெளிநாட்டுப் பாட்டில் எப்போது

கேட்பார்கள்: ஏன் எல்லாம் இந்திய ஒயின்? நாட்டுப்பற்று எல்லாம் இல்லை, சுங்கவரி. இறக்குமதி ஒயினுக்கு நம் நாட்டில் பல காலமாக 150 சதவீதம் சுங்கவரி. அதற்கு மேல் மாநில வரி, நடுவில் இருப்பவர்களின் லாபம், கப்பல் கூலி. அங்கே நாலைந்து டாலருக்கு விற்கிற சாதாரண ஒயின் இங்கே வந்து சேரும்போது, அதே விலைக்கு நாசிக்கின் மேல்தட்டு ஒயினே கிடைக்கும். மலிவு வெளிநாட்டு ஒயினை வாங்கும்போது நாம் குடிப்பதில் பெரும்பகுதி வரிதான். ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-ல் நடைமுறைக்கு வந்த பிறகு, 5 டாலருக்கு மேல் மதிப்புள்ள அந்நாட்டு பாட்டிலுக்கு வரி 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேல் என்றால் 75 சதவீதமாகவும் இறங்கி, ஆண்டுக்கு ஆண்டு இன்னும் குறையும் ஏற்பாடு இருக்கிறது. அதனால் வெளிநாட்டுப் பாட்டில் ஒன்று வேண்டும் என்றால் நான் முதலில் ஆஸ்திரேலியப் பக்கம் பார்ப்பேன், அடுத்து சிலி. பிரெஞ்சுப் பெயர் போட்ட மலிவு பாட்டிலைக் கடைசியில்கூடப் பார்க்க மாட்டேன்.

வெள்ளையும் ரோஸேயும் எவ்வளவு புதிதோ அவ்வளவு நல்லது. லேபிளில் இருக்கும் அறுவடை ஆண்டைப் பாருங்கள். ஐரோப்பாவில் செப்டம்பர் வாக்கில் அறுவடை. நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை. அதனால் தீபாவளிக்கு வாங்கும் நாசிக் வெள்ளையில் அதே ஆண்டு போட்டிருந்தால் சந்தோஷம், போன ஆண்டு என்றால் சரி, அதற்கும் முந்தையது என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

வெயில், கிளாஸ், துணி

சிவப்பை அறை வெப்பத்தில் கொடுக்க வேண்டும் என்று எழுதியவர் சென்னை அறையைப் பார்த்தவர் இல்லை. அவர் சொல்வது 16 முதல் 18 டிகிரி. எங்கள் ஸ்டோர் ரூம் மே மாதம் 34-ஐத் தொடும். அந்தச் சூட்டில் சிவப்பு ஒயின் இருமல் மருந்துதான். ஃபிரிட்ஜில் முக்கால் மணி நேரம் வைத்துக் கொடுங்கள், வாடிக்கையாளர் "சில்லுன்னு இருக்கே" என்றால் பத்து நிமிடத்தில் நம் ஊர் அதைச் சரிசெய்துவிடும். வெள்ளை நேராக ஃபிரிட்ஜிலிருந்து வரலாம், ஊற்றி முடிப்பதற்குள் 8, 10 டிகிரிக்கு வந்துவிடும். ஐஸ் கேட்டால் கொடுங்கள். காசு கொடுப்பவர் அவர்.

டெலிவரி வந்ததும் பாட்டில்களைத் தூக்கிப் பாருங்கள். கார்க் விளிம்புக்கு மேல் எழும்பியிருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுப்பாக ஒழுகிய கறை இருந்தாலோ, வண்டியில் வெந்த சரக்கு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே திருப்பி அனுப்ப வேண்டும். ஒருமுறை ஒரு முழு பெட்டியே அப்படி வந்தது. வாங்க மறுத்ததற்கு அந்த டிரைவர் இன்றைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கிளாஸ் விஷயத்தில் பெரிய செலவு வேண்டாம். நடுத்தர அளவில், வாய் சற்றுக் குறுகிய ஒரே வகைக் கிளாஸ் நாலு ஒயினுக்கும் போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. துடைக்கும் துணிதான் வில்லன். மசாலா கை துடைத்த துணியால் கிளாஸைத் துடைத்தால் ஷெனினில் கரம் மசாலா வாசம் வரும். வீட்டில் இன்னும் மோசம், பீரோவில் பாச்சா உருண்டை பக்கத்தில் வருடம் முழுக்கக் கவிழ்த்துவைத்த கிளாஸை எடுத்து நேராக ஊற்றுவார்கள். வெந்நீரில் அலசி, நிமிர்த்திக் காயவைத்து, ஊற்றுவதற்கு முன் வெறும் கிளாஸை ஒருமுறை மோந்து பாருங்கள்.

சரக்கு வராதபோது

தமிழ்நாட்டில் மதுவின் மொத்த விற்பனை 1983 முதல் டாஸ்மாக் கையில், 2003 முதல் சில்லறையும். நாம் ஆசைப்பட்டது எல்லாம் எப்போதும் கிடங்கில் இருக்காது. ஆகவே பிராண்ட் பெயரை மெனு அட்டையில் அச்சடித்துவிடாதீர்கள். ஒயினுக்கு மட்டும் கரும்பலகை வையுங்கள். பிராண்டைப் பின்னால் போட்டு, குணத்தை முன்னால் எழுதுங்கள்: "துளி இனிப்பு, காரத்துக்கு ஏற்றது" என்று இருந்தால் போதும், கஸ்டமர் அதைத்தான் படிக்கிறார்.

பாரில் பரிமாறும் பையன்களுக்கும் மாதம் ஒருமுறை நாலு ஒயினையும் சுக்கா, வறுவலோடு ஆளுக்கு ஒரு வாய் கொடுத்துப் பழக்குகிறேன், 21 வயது ஆனவர்களுக்கு மட்டும். குடித்துப் பார்க்காதவன் கஸ்டமர் கேட்டால் "எல்லாமே நல்லா இருக்கும் சார்" என்பான், அதில் ஒரு கிளாஸ்கூட விற்காது.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மாற்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். சான்ஜோவேசே இல்லையென்றால் ஷிராஸ், அதுவும் இல்லையென்றால் டெம்ப்ரானியோ. சாவிஞ்ஞோன் பிளாங்க் இல்லையென்றால் அந்த இடம் காலியாகவே இருக்கலாம். ஷெனின் தீர்ந்தால்தான் ஆபத்து. லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் வெள்ளை கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் ரோஸேயை முதல் இடத்துக்கு ஏற்றிவிட்டு மூன்று ஒயினோடு ஓட்டுங்கள். பலகையில் ஒரு வரி வெறுமையாக இருக்கிறதே என்று ஷார்டனேயைக் கொண்டுவந்து அங்கே உட்கார வைக்காதீர்கள்.